வெட்டச் சொன்ன வரி

மேனேஜர் பத்திரிகையை மேஜைமேல் எறிந்தார். சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் கூடி, ஒருவர் கதையை ஒருவர் திருத்திக்கொள்ளும் அவருடைய ஊழியர்கள் மூவரும் நிமிர்ந்தார்கள். நான்காவது நாற்காலி காலியாக இருந்தது.

“புனைபெயர்ல வந்த இந்தக் கதை என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கே, எழுதினது யாரு?”

“நான்தான் சார்,” என்றாள் டைப்பிஸ்ட்.

“அது பொய் சொல்லுது. நான்தான் சார்,” என்றார் டிரைவர்.

“எழுதின ஆளுக்குத் திங்கக்கிழமையிலேருந்து வேலை கிடையாது.”

“அப்போ மூணு சீட்டையும் கிழிச்சிடுங்க,” என்றார் ஸ்டோர்கீப்பர். “இங்க ஒருத்தர் கதைன்னா எல்லார் கதையும்தான்.”

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “ஆபீஸ்ல நான் கத்துறது உங்களுக்குத் தெரியும். தூக்கத்துல பல்லைக் கடிக்கிறது எப்படித் தெரிஞ்சுது?”



“அந்த வரியை வெட்டச் சொல்லி இவங்க தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க,” என்று வாசலில் குரல் கேட்டது. நோட்டும் பேனாவுமாக வந்த மேனேஜரின் மனைவி, நான்காவது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“நான்தான் கேக்கல. திங்கக்கிழமை இவங்க சீட்டுல கை வச்சீங்கன்னா, அடுத்த கதையில குறட்டையும் வரும்.”