கறுப்பு பெல்ட்டுக்கு ஏற்ற வயசு

“ஏம்மா, இந்தக் கறுப்பு பெல்ட்டு வாங்குறதுக்கு எதும்மா சரியான வயசு?”

எழிலரசி திரும்பிப் பார்த்தாள். சிதம்பரம் கீழவீதியை ஒட்டிய கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியில் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைக் கராத்தே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. படியேறி வந்த மூச்சிரைப்போடும் நெற்றியில் கோயில் விபூதியோடும் ஓர் அம்மா நின்றிருந்தார்.

முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பிறகுதான் பதில்.

“நாங்க பதினாறு முடிஞ்சாத்தான் தருவோம்மா. அதுக்கு முன்னாடி கையும் காலும் வசத்துக்கு வந்துடும். ஆனா கோவம் வசத்துக்கு வராது.”

“அதுக்கு மேல? வயசு ஜாஸ்தி ஆயிட்டா?”

எழிலரசிக்குச் சுருக்கென்றது. அவளுக்கு இருபத்தொன்பது நடக்கிறது.

“மேல கணக்கே இல்லம்மா. யாருக்குக் கேக்குறீங்க?”

“எங்க வீட்ல ஒருத்தருக்குத்தான். என் பேரு தைலம்மாள், கடலூரு. வாரா வாரம் சாமி கும்பிட வருவேன். கீழ போறப்ப உங்க சத்தம் கேக்கும். இன்னிக்கு ஏறிப் பாத்துடுவோம்னு வந்தேன்.”

கடலூர் என்றதுமே எழிலரசிக்கு விளங்கிவிட்டது. தரகர் சிங்காரம் காலையில்தான் போன் செய்திருந்தார். கடலூர் மாப்பிள்ளையின் அம்மா சொல்லிக்கொண்டு வர மாட்டாராம். தனியாக வந்து, வேறு எதையோ கேட்பதுபோல் கேட்டு, பெண்ணை நோட்டம் பார்த்துவிட்டுப் போவாராம்.

அப்போதிலிருந்து அம்மா மலர்க்கொடிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“கராத்தேன்னதும் ரெண்டு எடம் தட்டிப்போச்சு. பொண்ணு கை நீட்டிடுவாளோன்னு பயப்படுறானுங்க. இது ஒண்ணாவது அமையட்டும்டி. கேட்டாங்கன்னா, சும்மா பொழுதுபோக்குக்குச் செய்யறேன், கல்யாணம் ஆனா விட்டுடுவேன்னு சொல்லு. சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?”

எழிலரசி தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

திடீரென்று மாடியில் ஒரே சிரிப்பு. குண்டுப் பெண் இலக்கியா, காலைத் தூக்கி உதைக்கப் போய்த் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

“அப்படி இல்ல இலக்கியா, இங்க பாரு” என்று எழிலரசி காலைத் தூக்கினாள். தூக்கியவள் தானும் தொப்பென்று விழுந்தாள். சிரிப்பெல்லாம் அவள் பக்கம் திரும்பியது. இலக்கியாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

தைலம்மாள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேணும்னுதானே வுழுந்த?”

எழிலரசி உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, பிள்ளைகள் பார்க்காத மாதிரி சிரித்தாள்.

“ஒனக்குக் கோவமே வராதா கண்ணு? வயசுல பெரியவங்க தப்பு பண்ணா?”

மாமியாரைத்தான் சொல்கிறார் என்று எழிலரசி நினைத்தாள்.

“பெரியவங்ககிட்ட என்னம்மா கோவம்? பொறுமையா எடுத்துச் சொன்னா ஆச்சு.”

“அப்ப ஒண்ணு கேக்குறேன், ஒளிக்காம சொல்லு. நாளைக்கே ஒனக்குக் கல்யாணம் ஆவுது. இதெல்லாம் விட்டுடுவியா?”

அம்மா சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனிவரை வந்தது. அந்நேரம் பார்த்துக் கோயிலில் சாயரட்சை மணி அடித்தது. அந்த மணியைக் கேட்டுக்கொண்டே பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“விட மாட்டேம்மா. கல்யாணம் ஆனாலும் ஞாயித்துக்கெழம சாயங்காலம் இங்கதான் இருப்பேன். இஷ்டப்படுறவங்க வந்தாப் போதும்.”

இந்த இடமும் போயிற்று என்று அவள் நினைத்தபோது, தைலம்மாளின் முகம் மலர்ந்திருந்தது.

“அதான் எனக்கு வேணும். வீட்ல அவுருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, அடுத்த ஞாயிறு நல்ல நேரம் பாத்து தட்டோட வந்துடறேன்.”

செய்தி கேட்ட மலர்க்கொடி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தரகர் சிங்காரம், எல்லாம் தன் சாமர்த்தியம்தான் என்றார்.

மறு ஞாயிறு மலர்க்கொடி பட்டுப்புடைவையும் கேசரித் தூக்குமாக மாடிக்கே வந்துவிட்டாள். எவ்வளவு மறுத்தும் கேளாமல், கராத்தே உடுப்பில் நின்ற மகளின் தலையில் ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டாள்.

“பெருமாளே, உண்மையச் சொன்னவளக் கைவிடலியே நீ” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சொன்னபடி தைலம்மாள் வந்தார். பின்னால் அவர் கணவர், வெற்றிலை, பாக்கு, பழம், பூ நிறைந்த தட்டோடு படியேறினார்.

“வாங்க சம்பந்தி, வாங்க! மாப்பிள்ள வரலீங்களா?”

“எந்த மாப்பிள்ள?” தைலம்மாள் விழித்தார். “எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அவளும் கட்டிக்குடுத்துப் பேரன் எடுத்தாச்சு.”

மலர்க்கொடியின் கையில் கேசரித் தூக்கு அப்படியே நின்றது.

தைலம்மாள் கணவரிடமிருந்து தட்டை வாங்கி எழிலரசியின் கையில் வைத்தார். இரண்டடி பின்னால் போய், பிள்ளைகள் செய்வதுபோலவே விறைப்பாக நின்று, இடுப்பை வளைத்து வணங்கினார்.

“சேத்துக்குங்க மாஸ்டர். கல்யாணம் ஆவட்டும், அப்புறம் கத்துக்கலாம்னு எங்கம்மா சொன்னதக் கேட்டு நின்னவ, இப்ப அம்பத்தாறு ஆயிடுச்சு.”