அந்த அம்மா எழுதிய முடிவு

“பொண்ணு பார்த்தாச்சு. அடுத்த மாசம் கல்யாணம். நான் கிளம்பறேன், தாடி.”

வயலின்காரன் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னான். எழுத்தாளனுக்கு உயிரே போய்விட்டது.

நண்பர்கள் வட்டாரத்தில் எழுத்தாளனுக்குத் தாடி என்றுதான் பெயர். தலைக்கு எண்ணெயும் சட்டைக்கு இஸ்திரியும் காட்டாத ஆசாமி. அவன் பெயரில் வந்த புத்தகங்கள் விலைபோகாமல் கட்டிலுக்கு அடியில் கட்டுக் கட்டாய்க் கிடந்தன. அந்த மாடி அறையில் இருந்ததும் அந்த ஒரு கட்டில்தான். வீட்டுக்காரரிடம் சித்தப்பா மகன் என்று கதை விட்டு வயலின்காரனை உடன் வைத்துக்கொண்டிருந்தான்.

“அம்மா அழுதாங்களா?”

“அவங்க எப்பவும்தான் அழறாங்க. அதுக்கெல்லாம் நான் அசைஞ்சிருக்கேனா?”

“பின்னே?”

வயலின்காரன் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையை உருவினான்.

“சிரிக்காதே. இதுல ஒரு அம்மா கதை எழுதறாங்களே, அவங்களோட போன வாரக் கதை. ஒருத்தன் மனசுக்குப் பிடிச்சவளோட தனியா வாழறான். பெத்தவ சோத்துத் தட்டை வெச்சுக்கிட்டு வாசலையே பார்த்துட்டிருக்கா. கடைசியில அவன் வீட்டுக்கே திரும்பிடறான். படிச்சுட்டு பாத்ரூம்ல போய் அழுதேன். மறுநாளே அம்மாகிட்ட சரின்னு சொல்லிட்டேன்.”

“அட மடையா! அது பத்திரிகைக்காரன் கேட்டு வாங்கின முடிவுடா. அந்தக் கதையில வர்றவன் போகவே மாட்டான்!”

“உனக்கு எப்படித் தெரியும்?”

தாடி சட்டென்று சமாளித்தான். “எல்லாப் பத்திரிகையிலயும் நடக்கறதுதானே.”

“இருக்கட்டும். நீ சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன். இது பெத்து வளர்த்த ஒரு அம்மா சொல்றது. பொய்யா இருக்காது.”

அவன் காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தாடி நினைத்தான்.

“போகாதேடா. உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா?”

வயலின்காரனும் அழுதுவிட்டான். தாடியின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“உன் மேல எனக்குக் கோபமே கிடையாது. பெருமைதான். அரைப்பட்டினி கிடந்தப்பகூட வயித்துக்காக நீ ஒரு பொய் வரி எழுதினதில்லை. சாகற வரைக்கும் உன்னை அப்படித்தான் நினைச்சுப்பேன். அந்தக் கதையில அவன் விட்டுட்டுப் போற பொண்ணு ஒரு வார்த்தை பேசாம வழி விடறா. நீயும் பேசாதே, தாடி.”

தாடி பேசவில்லை. சொல்ல ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமலே வழி விட்டான்.

தோளில் வயலினும் கையில் பெட்டியுமாக வயலின்காரன் படியிறங்கி, தெருமுனையில் திரும்பும் வரை தாடி ஜன்னலருகே நின்று பார்த்தான். பிறகு கட்டிலில் விழுந்து வாய்விட்டு அழுதான்.

செல்போன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான். வாரப் பத்திரிகை ஆசிரியர்.

“சார், போன வாரக் கதைக்கு ஏகப்பட்ட பாராட்டு! முடிவை மாத்த மாட்டேன்னு எப்படி அடம் பிடிச்சீங்க, இப்பப் பாருங்க! அடுத்ததையும் அதே பொம்பளைப் பேர்லயே எழுதிக் குடுத்துடுங்க. இந்தத் தடவையும் பையன் அம்மாகிட்டயே போயிடட்டும், சரியா?”