எர்த் வயர்

“வா சுபைரே, உன் கைராசியை இவங்களும் பார்க்கட்டும்,” என்றபடி பவுலோஸ் காரின் பானெட்டைத் தூக்கினார்.

கட்டப்பனையில் சுபைரின் ஆட்டோ எலக்ட்ரிக் கடைக்கு நேர் எதிரே டீக்கடை. காலை பத்து மணிக்கு அங்கே எப்படியும் ஆறேழு பேர் இருப்பார்கள். பவுலோஸ் அவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசினார்.

“இதோட நாலாவது தடவை. ஹெட்லைட்டு இன்னும் கல்யாண வீட்டு சீரியல் செட்டு மாதிரி மினுக்குது.”

பவுலோஸ் சாதாரண ஆள் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் இருந்து ஓவர்சியராக ஓய்வு பெற்றவர். கரண்ட் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் கம்பியில் ஓடுகிறது என்று நம்புகிறவர். காரோடு வந்த பல்பில் வெளிச்சம் போதவில்லை என்று இரண்டு மாதம் முன்பு ஆன்லைனில் எல்.இ.டி. பல்பு வரவழைத்துத் தானே மாட்டினார். எதிரே வருகிறவனுக்குக் கண் கூசுமே என்று கேட்டவர்களிடம், “கூசினா அவன் கண்ணை மூடிக்கட்டும்,” என்றார்.

மாட்டிய அன்றே மினுக்கல் ஆரம்பித்தது.

“இந்தப் பல்பு கரண்ட்டைக் கொஞ்சமாத்தான் இழுக்குது சாரே. பல்பு போயிடுச்சோன்னு வண்டியோட கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டு விட்டு விட்டுச் சோதிக்குது,” என்று சுபைர் பல்புக்கும் வயருக்கும் நடுவில் ஒரு குட்டிப் பெட்டியை இணைத்தான். மினுக்கல் நின்றது.

பத்து நாளில் மறுபடி. இடது பல்பை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் பார்த்தான். பல்பில் குற்றமில்லை. எர்த் வயர் லூஸாக இருந்தது. முறுக்கினான். சரியானது. அடுத்து இன்னொரு முறை. மறுபடியும் எர்த் வயர்.

விளக்கு மினுக்கினால் பவுலோஸ் ராத்திரியில் வண்டியை எடுக்க மாட்டார். அதில் மட்டும் கறார். அதனால் ஏலப்பாறையில் நண்பர் வீட்டு ராத்திரிச் சீட்டாட்டம் ஒரு மாதமாக அவர் இல்லாமல் நடக்கிறது. அவர் நாற்காலியில் யாரோ ஒரு பல் டாக்டர் உட்கார்ந்து ஜெயித்துக்கொண்டே இருக்கிறாராம். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“இன்னைக்கு நானே திறந்து பார்த்தேன்,” என்றார். “எர்த் போல்ட்டு பாதி கழண்டு நிக்குது. ஸ்பேனர் பட்ட தடம் பளபளன்னு புதுசா இருக்கு. தானா கழண்டா தடம் விழுமா? அரைகுறையா முறுக்கி அனுப்புறது நீதான். வண்டி திரும்பித் திரும்பி வரணுமே. நல்ல தொழில் ரகசியம்.”

டீக்கடையில் ஒரு ஆட்டோக்காரர், “அப்போ என் ஹாரனும் இந்தக் கணக்குதானா?” என்றார். சிரித்தார்கள்.

சுபைர் குனிந்து போல்ட்டைப் பார்த்தான். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

“தப்பு என்னோடதுதான் சாரே. புது வாஷர் போட்டு முறுக்கித் தரேன். காசு வேண்டாம்.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? ஒத்துக்கிட்டாரு நம்ம விஞ்ஞானி,” என்றார் பவுலோஸ்.

மதியம் கப்பைக் கிழங்கும் மீன் கறியும் பரிமாறிய மனைவி சோசாம்மாவிடம் முழுக் கதையையும் நடித்தே காட்டினார்.

“அந்த ஆட்டோக்காரரும் இன்னொருத்தரும் அங்கேயே சொல்லிட்டாங்க, இனிமே அவன் கடைக்குப் போக மாட்டோம்னு. பாவம்தான். ஆனா ஏமாத்துறவனுக்குப் பாடம் வேண்டாமா?”

சோசாம்மா கறிச் சட்டியைக் கீழே வைத்தாள். அடுக்களைக்குப் போய்த் திரும்பி வந்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேனரை வைத்தாள். பத்தாம் நம்பர்.

“அவர் ஒழுங்காத்தான் முறுக்கினார். கழட்டினது நான். சாப்பிட்டுட்டு அதே டீக்கடைக்குப் போய், அதே சத்தத்துல இதையும் சொல்லிட்டு வாங்க.”

பவுலோஸ் ஸ்பேனரை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“ரெண்டாவது தடவையே அவருக்குத் தெரியும். போல்ட்டுல மஞ்சத்தூள் ஒட்டியிருந்ததாம். போன் பண்ணிக் கேட்டார். காரணத்தைச் சொல்லி, உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினேன். சரின்னுட்டார். ‘எர்த் வயரோட நிறுத்திக்குங்க சேச்சி, பிரேக் பக்கம் போயிடாதீங்க’ன்னார். அவ்வளவுதான்.”

“உனக்கென்ன பைத்தியமா? எதுக்குடி இந்த வேலை?”

“கண் டாக்டர்கிட்ட போகலாம்னு ஆறு மாசமாக் கூப்பிட்டேன். எனக்கா கண்ணு மங்குச்சுன்னு சிரிச்சீங்க. சிரிச்சுட்டுப் பல்பை மாத்தினீங்க.”

“ரோடு இருட்டா இருந்துச்சு, மாத்தினேன். இந்த வண்டியில இதுவரைக்கும் ஒரு கீறல் விழுந்திருக்கா, சொல்லு பார்ப்போம்.”

“விழல அச்சாயா.” சோசாம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். “சுபைர் அந்தப் பெட்டியை மாட்டிக் கொடுத்த வாரம், சர்ச் பெருநாள் முடிஞ்சு இருட்டுற நேரத்துல திரும்பி வந்தோமே. தேயிலைத் தோட்டத்து வளைவுல ஒருத்தர் சைக்கிள்ல வந்தார், பின்னாடி ஒரு சின்னப் பொண்ணு. நீங்க நேரா அவங்க மேலயே போனீங்க. அவர் சைக்கிளோட தேயிலைச் செடிக்குள்ள சாய்ஞ்சார். ரெண்டு பேரும் எழுந்து நின்னதைப் பின் கண்ணாடியில பார்த்தப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு.”

“என்ன உளறுற? எந்த சைக்கிள்?”

“நான் ‘நிறுத்துங்க, நிறுத்துங்க’ன்னு கத்தினேன். ‘காலி ரோட்டுல எதுக்கு நிறுத்தணும்?’னு கேட்டீங்க.”