ஆர்வில் தேடும் கடிதம்

முன்னாள் ஜனாதிபதியின் ஆவணக் காப்பகத்தில் வாசிப்பறை என் பொறுப்பு. மூன்று மாதமாகத் தினமும் வருகிறவர் ஆர்வில் என்ற பெரியவர் ஒருவர்தான். இறந்துபோன மனைவி சிறுமியாக இருந்தபோது ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தைத் தேடுகிறார்.

"கிடைச்சுதா சார்?"

"இல்லம்மா! ஊரே அந்தாளுக்கு எழுதியிருக்கு. இதையெல்லாம் படிச்சுட்டு நாட்டை எப்ப ஆண்டாரோ!"

நேற்று அவருக்குக் காய்ச்சல். பாவமென்று, அவர் பார்த்த கடிதப் பெட்டிகளை நானே முதலிலிருந்து துழாவினேன்.

முதல் பெட்டியிலேயே கடிதம் இருந்தது. கூடவே, அதற்கு நகல் கேட்டு ஆர்வில் கையெழுத்துப் போட்ட சீட்டு. தேதி, அவர் இங்கே வந்த முதல் நாள்.

இன்று காலை வந்தார். "என் அனுமதி அட்டை முடிஞ்சிருச்சும்மா. தேடல் பாக்கியிருந்தாதான் புதுப்பிப்பீங்களாமே?"

அந்த அறையில் என்னோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்?

படிவத்தில் நானே எழுதினேன்: 'கடிதம் இன்னும் கிடைக்கவில்லை.'