தள்ளுவண்டியோடு ஓடியவள்

"இவளெல்லாம் ஒரு தாயா?"

காலை ஆறு மணி. தையல் மெஷினை நிறுத்திவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தாள் தையலக்கா. வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். அந்தக் குளிரில் மூன்றாம் மாடிப் பெண் ஓடிக்கொண்டிருந்தாள். கைக்கு முன்னால் குழந்தை வண்டி. வண்டிக்குள் குல்லாய் போட்டு, போர்வை சுற்றி, எட்டு மாதப் பிள்ளை.

பனிக்காலம் முடிந்ததும் நடக்கப்போகிற நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறாளாம். புருஷன் பஸ் டிரைவர். கடைசி டிரிப் முடித்து வந்து பத்து மணி வரை தூங்குகிறவர். இவளுக்கு ஏழரைக்குள் மூத்தவளைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும். எட்டரைக்குப் பல் டாக்டர் வருவதற்குள் போய், வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியைத் திறந்து வைக்க வேண்டும். ஓட இந்த ஒரு மணி நேரம்தான்.

அதற்காகப் பச்சைக் குழந்தையையா இழுத்துக்கொண்டு ஓடுவது?

தெரு முழுக்க இதே பேச்சு. அளவு கொடுக்க வருகிறவர்கள் அவளைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். வேகத்தடையில் அந்த வண்டி எகிறிக் குதித்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக ரொட்டிக்கடைக்காரர் சொன்னார்.

பிள்ளைக்குக் குளிராதா என்று தையலக்கா ஒருநாள் ஜன்னல் வழியே கேட்டும் பார்த்தாள். ஓடுகிறவள் நிற்கவில்லை. "ரொம்பச் சமத்து அக்கா. அழவே மாட்டான்," என்று திரும்பாமலே சொல்லிவிட்டுப் போனாள்.

அது என்னவோ உண்மை. மூன்று மாதமாக அந்த வண்டியிலிருந்து ஒரு முனகல்கூடக் கேட்டதில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் விறைத்துக் கிடக்கிறதோ என்று நினைத்தபோது தையலக்காவுக்கு ஊசி விரலில் ஏறியது.

இனிப் பொறுப்பதில்லை என்று முடிவு செய்தாள். குழந்தைகள் நல அலுவலகத்தின் நம்பரை விசாரித்து, துணி வெட்டும் சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்தாள். ஆனால் வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாதல்லவா? போன் போடுவதற்கு முன்னால் பிள்ளையைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மறுநாள் விடிகாலை வாசலில் காத்து நின்றாள். தெருவில் தண்ணீர் கண்ணாடியாக உறைந்து கிடந்தது. வண்டி வந்தது. முன்சக்கரம் வழுக்கியது. அடுத்த நொடி வண்டி குப்புறக் கவிழ்ந்து, போர்வை மூட்டை உருண்டுபோய் நடைபாதைக் கல்லில் தொம்மென்று மோதி நின்றது.

"ஐயோ, பிள்ளை!" என்று அலறினாள் தையலக்கா.

பெற்றவளோ முதலில் கைக்கடிகாரத்தை அழுத்தி ஓட்ட நேரத்தை நிறுத்தினாள். அப்புறம் குனிந்து, அவிழ்ந்துபோன ஷூ கயிற்றை நிதானமாகக் கட்டினாள்.

தையலக்கா செருப்புகூட இல்லாமல் ஓடி மூட்டையை வாரி எடுத்தாள். போர்வையை விலக்கினாள். குல்லாய்க்குள் முகம் இல்லை. வாய் கட்டிய ஒரு துணிப்பை. அதன் கிழிசல் வழியே ஒரு உருளைக்கிழங்கு எட்டிப் பார்த்தது.

"எட்டு கிலோ, அக்கா," என்றாள் மூன்றாம் மாடிப் பெண். "போன மாசம் ஏழரை. அவன் எடை கூடக் கூட நானும் போட்டுக்குவேன். வெறும் வண்டின்னா துள்ளுது."

"பிள்ளை எங்கடி?"

"வீட்டுல. அவங்கப்பா பக்கத்துல தூங்குறான். இந்தக் குளிர்ல கைக்குழந்தைய வெளிய கொண்டுவர எனக்கென்ன பைத்தியமா?"

எட்டிப் பார்த்த கிழங்கைத் தையலக்கா பைக்குள் தள்ளினாள். பிறகு, இதென்னடி கூத்து என்று கேட்டாள்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். முதல் வாரம் தனியாகத்தான் ஓடினாளாம். பார்த்தவர்களெல்லாம் நிறுத்தி, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டார்களாம். அப்பாவிடம் என்றால், ஆம்பளைக்கு என்ன தெரியும் என்று அடுத்த கேள்வி. மூன்று கிலோமீட்டருக்குள் பதினோரு பேர். பதில் சொல்லி முடிப்பதற்குள் உடம்பு ஆறிப்போகும், வீட்டுக்குத் திரும்பும் நேரமும் வந்துவிடும்.

"வண்டியோட வந்தா முறைக்கிறாங்க. ஆனா யாரும் நிறுத்துறதில்ல, அக்கா."

கொஞ்சம் தயங்கிவிட்டு, "முதல் நாள், முதல்ல நிறுத்துனது நீங்கதான்," என்றாள். அதில் கோபம்கூட இல்லை.

தையலக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நிறுத்தினதோடு விடவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மாடியேற்றிவிட்டு, ஒரு தாய்க்குப் புத்தி சொன்ன திருப்தியோடு திரும்பி வந்திருந்தாள்.

மேலே ஜன்னல்கள் திறக்கிற சத்தம். ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்தார். வண்டி விழுந்ததே, பிள்ளைக்கு என்ன ஆச்சு, உயிர் இருக்கிறதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

ஓட்டக்காரியின் முகம் வெளுத்துப்போயிற்று. போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

தையலக்கா போர்வையை இழுத்து மூடினாள். மூட்டையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"கத்தாதீங்க. இப்பதான் கண்ணசந்திருக்கான்," என்று எல்லோரையும் அதட்டிவிட்டு, உருளைக்கிழங்குகளின் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.