கோட்டின் நடுப் பொத்தான்

கப்பல் அறையின் அலமாரியில் ஒரு கோட்டும், மடிப்புக் கலையாத ஒரு வேட்டியும் இருந்தன. கப்பல் ஏறிய முதல் ஐந்து நாளும் தணிகாசலம் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் இரவு விருந்துக்குப் போனார்.

“இன்னைக்கும் நீதானா, துரை?” என்றது வேட்டி.

“கிண்டல் பண்ணாதீங்க அண்ணே. நான் அவருக்கு ரொம்ப இறுக்கம். கையைத் தூக்க முடியாம தினமும் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சிடுறார். வேட்டி கட்டினா சிரிப்பாங்கன்னு பயம்.”

ஆறாம் நாள் அவர் மாட்டும்போது, கோட்டு தன் மூன்று பொத்தான்களில் நடுப் பொத்தானின் நூலைத் தளர்த்திவிட்டது. பொத்தான் கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. வேறு வழியில்லாமல் வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்த வேட்டியில் ஐஸ்கிரீம் கறை இருந்தது.

“யாராவது சிரிச்சாங்களா அண்ணே?”

“அதைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்? ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.”