நீளமான ஸ்டெம்

"ஹேண்டில் பாரைச் சரி பண்ணலன்னா, நாளைக்கே சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்!" அப்பாவுக்கு அம்மா வைத்த கெடு இது.

பழைய சைக்கிளில், ஹேண்டில் பாரை முன்னால் தாங்கிப் பிடிக்கும் புது ஸ்டெம் நேரடியாகப் பொருந்தாது. நடுவில் அடாப்டர் இறக்கி, அளந்து, மறுபடியும் அளந்து மாட்டினேன். அப்படியும் சந்தேகம் தீரவில்லை.

"ஹேண்டில் ரொம்ப முன்னாடி போயிடுச்சுப்பா. உங்க முதுகு இன்னும் வலிக்கும். சின்ன ஸ்டெம் போடட்டா?"

"நான் கேட்டதே நீளமானதுதான்டா. டைட் பண்ணு."

"முதுகு வலிக்குதுன்னுதானே அம்மா திட்டறாங்க?"

"சொன்னதைச் செய்டா, ஈவினிங் காலேஜ் இன்ஜினியரு!"

அல்சூர் ஏரிவரை ஓட்டிப் பார்க்க அப்பா ஏறினார். கை எட்டாமல் குனிந்தார். தப்பாக அளந்துவிட்டேனோ என்று பதறினேன்.

அம்மா தலையில் பூவோடு வெளியே வந்தாள். கேரியரை விட்டுவிட்டு, முன் பாரில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள்.

"ம்... இப்போ ஹேண்டில் விலாவுல இடிக்கலங்க. போலாம்."